நின்றுகொண்டே கேட்ட சிம்பொனி
(வியன்னா நகரில் இசையும் ஊர் சுற்றலும்)

இந்தச் சுவர் இதழை நீங்கள் நின்றுகொண்டுதான் படிக்கப்போகிறீர்கள். நான் எழுதப்போவதும் நின்றுகொண்டே கேட்ட இசையைப் பற்றித்தான். அதனால் கால் வலிக்கிறது என்று யாரும் பாதியில் போய்விடக் கூடாது!

2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அப்போது நம் வகுப்பில் 'சிம்பொனி, சிம்பொனி' என்று ஒரே பேச்சு. "சிம்பொனின்னா என்னடா?" என்று ஒருவன் கேட்டான். ஆளுக்கு ஒன்று சொன்னோம். எல்லாமே தப்பு. நான் சொன்னதுதான் ரொம்பத் தப்பு, அதை இங்கே எழுதவில்லை.

பிறகு ஒரு கோடை விடுமுறையில் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. சித்தப்பாவுக்கு ஆஸ்திரியா நாட்டின் தலைநகரமான வியன்னாவில் வேலை. சித்தியும் அவர் மகளும் (எனக்கு அக்கா முறை) அங்கேதான் இருக்கிறார்கள். மூன்று வாரம் அவர்கள் வீட்டில் தங்கினேன். ஐரோப்பாவில் எத்தனையோ நகரங்கள் இருக்க, சங்கீதம் என்றால் ஏன் வியன்னாவைச் சொல்கிறார்கள்? மொசார்ட், பீத்தோவன், ஹைடன், ஷூபர்ட், பிராம்ஸ், மாலர் என்று பாடப்புத்தகத்தில் பெயர் மட்டும் பார்க்கிற இத்தனை பேரும் அந்த ஒரே ஊரில் வாழ்ந்து இசை எழுதியிருக்கிறார்கள். இவர்களில் ஷூபர்ட் ஒருவர்தான் அந்த ஊரிலேயே பிறந்தவர். மற்றவர்கள் பிழைக்க வந்தவர்கள்.

ஊரின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் பழைய நகரம். அதைச் சுற்றி முன்பு கோட்டைச் சுவர் இருந்தது. 1857-ல் பேரரசர் பிரான்ஸ் யோசப் அந்தச் சுவரை இடிக்கச் சொல்லி உத்தரவு போட்டார். அந்த இடத்தில் வந்ததுதான் 'ரிங்' எனப்படும் வட்டச் சாலை. பாராளுமன்றம், பல்கலைக்கழகம், அருங்காட்சியகங்கள் எல்லாம் இந்தச் சாலையில் வரிசையாக நிற்கின்றன. ஒரு டிராம் டிக்கெட்டில் எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிடலாம். நடுவில் புனித ஸ்டெஃபான் தேவாலயம். அதன் தெற்குக் கோபுரம் 136 மீட்டர் உயரம். 343 படி ஏறினேன், இறங்கும்போது எண்ணவில்லை. ஹைடன் சிறுவனாக இருந்தபோது அந்தக் கோயில் பாடகர் குழுவில் பாடினார். மொசார்ட்டுக்கு 1782-ல் கல்யாணம் நடந்ததும் அங்கேதான்.

கோபுரத்திலிருந்து இறங்கி வந்ததும் ஒரு வேடிக்கை. வெள்ளை டோப்பா முடி, சிவப்புக் கோட்டு போட்டு மொசார்ட் வேஷத்தில் ஒருவர் எங்கள் முன்னால் வந்து குனிந்து வணக்கம் சொன்னார். கையில் ஒரு வண்ணப்படக் கத்தை. "இன்று இரவு கச்சேரி, மொசார்ட், ஸ்ட்ராஸ், நல்ல இடம்" என்றார். விலை கேட்டால் ஆளுக்கு ஐம்பது யூரோவுக்கு மேலே. ஒரு யூரோ என்பது நம் பணத்தில் சுமார் நூறு ரூபாய், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். "வேஷம் போட்டு வித்தா அது டூரிஸ்ட்டுக்கு நடத்துற கச்சேரிடா. இந்த ஊர் ஜனங்க கேக்குறது வேற" என்றாள். அந்த வேஷக்காரர்கள் மோசமானவர்கள் என்று நான் சொல்லவில்லை. அதுவும் அவர்களுக்குப் பிழைப்புதான். ஆனால் முதல் முறை போகிறவர்கள் அதுதான் வியன்னா சங்கீதம் என்று நினைத்து ஏமாறக் கூடாது.

சரி, பெரிய அரங்குகளில் நல்ல நாற்காலி நூறு யூரோவையும் தாண்டும். நம்மால் முடியுமா? முடியும்! அதற்குத்தான் 'ஷ்டேப்ளாட்ஸ்' என்று ஒரு ஏற்பாடு. ஜெர்மன் மொழியில் 'நிற்கும் இடம்' என்று அர்த்தம். அரங்கின் பின்பக்கத்திலும் மேல் மாடத்திலும் கம்பித் தடுப்பு வைத்து, அதில் சாய்ந்தபடி நின்று பார்க்க இடம் விட்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் மூன்று, நான்கு யூரோதான். இப்போது ஏறிவிட்டது. ஆனாலும் நாற்காலி விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு சின்னப் பங்குதான். வியன்னா அரசு ஓபெரா மாளிகையில் மட்டும் நானூறு பேருக்கு மேல் நிற்கலாம். அந்த டிக்கெட்டை நிகழ்ச்சி நாளன்றுதான் விற்பார்கள். அதனால் பணக்காரர்கள் ஆறு மாதம் முன்பே மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

இன்னொன்று கேளுங்கள். ரொம்ப வருஷமாக அங்கே ஒரு வழக்கம் இருந்ததாம். நிற்கும் இடத்துக்குள் ஓடிப்போய், கழுத்துத் துணியைக் கம்பியில் கட்டிவிட்டால் அந்த இடம் நமக்கு. பிறகு நிம்மதியாக வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம், யாரும் அவிழ்க்க மாட்டார்கள். நாம் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதேதான்! ஐரோப்பாக்காரன் என்றால் என்னவோ என்று நினைத்திருந்தேன்.

ஓபெரா என்றால் வசனத்தையும் பாட்டாகவே பாடி நடத்தும் நாடகம். அந்த மாளிகைக்கு ஒரு சோகக் கதை உண்டு. அதை வடிவமைத்தவர்கள் இரண்டு பேர், சிக்கார்ட்ஸ்பர்க், ஃபான் டெர் நியுல். கட்டும்போதே முன்னால் இருக்கும் சாலையின் மட்டம் உயர்ந்துவிட்டதால் கட்டடம் தரைக்குள் அமுங்கியது போல் தெரிந்தது. 'மூழ்கிய பெட்டி' என்று ஊரே கேலி பேசியது. 1869 மே 25-ல் மொசார்ட்டின் 'டான் ஜியோவானி'யுடன் திறப்பு விழா நடந்தபோது அந்த இரண்டு பேருமே உயிருடன் இல்லை. முந்தின வருஷமே இறந்துபோனார்கள். இன்று அதே கட்டடத்தின் முன்னால் நின்று எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள்.

1945 மார்ச் 12-ல் போர் விமானங்களின் குண்டு விழுந்து மேடையும் ரசிகர்கள் உட்காரும் பகுதியும் எரிந்து போயின. முன்பக்கமும் பெரிய படிக்கட்டும் மட்டும் தப்பின. ஊரில் சாப்பாட்டுக்கே கஷ்டம். நான்கு வெளிநாட்டுப் படைகள் ஊரைப் பங்கு போட்டு வைத்திருந்தன. அந்த நிலையிலும் ஓபெராவைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தார்கள். பத்து வருஷம் ஆனது. 1955-ல் அந்நியப் படைகள் போய், நாடு விடுதலை பெற்றது. அதே வருஷம் நவம்பர் 5-ல் மாளிகை மறுபடி திறந்தது. அன்று நடத்திய ஓபெரா எது தெரியுமா? பீத்தோவனின் 'ஃபிடேலியோ'. அநியாயமாகச் சிறையில் அடைக்கப்பட்ட கணவனை, ஆண் வேஷம் போட்டுப் போய் மனைவி மீட்கும் கதை. எவ்வளவு பொருத்தம் பாருங்கள். இந்த 'ஃபிடேலியோ' பெயரை நினைவில் வையுங்கள், பிறகு ஒருமுறை வரும்.

நாங்கள் ஓபெரா பார்த்தது உள்ளே போய் அல்ல, வெளியே! வசந்த மாதங்களிலும் செப்டம்பரிலும் உள்ளே நடக்கும் நிகழ்ச்சியை மாளிகையின் பக்கவாட்டுத் திடலில் பெரிய திரையில் அப்படியே காட்டுகிறார்கள். கட்டணம் கிடையாது. நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். மீதிப் பேர் நிற்கலாம், தரையில் உட்காரலாம். அன்று மொசார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்'. அதை அவர் எழுதிய வீடு அங்கிருந்து நடக்கும் தூரம்தான், காலையில்தான் அதைப் பார்த்திருந்தோம். எஜமானனை வேலைக்காரன் ஏமாற்றும் கதை. மொழி புரியாவிட்டாலும் சிரிப்பு வருகிறது. இடைவேளையில் பட்டுக் கவுனும் கறுப்புக் கோட்டும் போட்டவர்கள் வெளியே காற்று வாங்க வந்தார்கள். முடிந்த பிறகு மாளிகைக்குப் பின்னால் உள்ள சாசேஜ் கடையில் அதே பட்டுக் கவுன்கள் வரிசையில் நின்றன. அங்கே உட்கார இடமே இல்லை. உள்ளே நாற்காலியில் இருந்தவர்களும் வெளியே நின்றுதான் சாப்பிட வேண்டும். அக்கா எனக்கு ஒரு உருளைக்கிழங்கு வறுவல் வாங்கித் தந்தாள்.

இனி சிம்பொனிக்கு வருகிறேன். அதைக் கேட்டது 'முசிக்ஃபெரைன்' என்ற கட்டடத்தில். 1870 ஜனவரியில் திறந்தது. அதன் பெரிய மண்டபத்துக்குத் 'தங்க மண்டபம்' என்று பெயர். உள்ளே கால் வைத்ததும் கண் கூசியது. இரண்டு பக்கமும் வரிசையாகத் தங்க நிறப் பெண் சிலைகள், மேலே ஓவியங்கள், சர விளக்குகள். சுமார் 1,700 நாற்காலி, அதற்குப் பின்னால் சுமார் 300 பேர் நிற்க இடம். நாங்கள் அந்த 300-ல் இரண்டு பேர். முன்னால் உயரமான ஒருவர் நின்றதால் எனக்குப் பாதி மேடைதான் தெரிந்தது. எண்ணிப் பார்த்ததில் நான்கு டபுள் பாஸ், மூன்று தலைகள், கண்டக்டரின் வலது கை. (கண்டக்டர் என்றால் டிக்கெட் கிழிப்பவர் இல்லை. கையில் சிறு குச்சியுடன் குழுவை நடத்துபவர்.)

மேடையில் நான் முதலில் தேடியது மைக்கை. இல்லை. ஸ்பீக்கரும் இல்லை. "கரண்ட் போச்சா?" என்று கேட்டேன். அக்கா முறைத்தாள். விஷயம் என்னவென்றால், அங்கே மண்டபமே ஸ்பீக்கர்! நம் அறிவியல் புத்தகத்தில் படித்ததுதான். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அந்த மண்டபம் கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளம், 19 மீட்டர் அகலம், 18 மீட்டர் உயரம். ஒரு ஷூ பெட்டி மாதிரி ஒடுங்கலான வடிவம். வயலின் சத்தம் நேராகவும் நம் காதுக்கு வரும், பக்கச் சுவரில் பட்டும் வரும். சுவரில் பட்டு வருவது பத்து மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்தாலும் தாமதம் 0.03 நொடிதான். எதிரொலி தனியாகக் கேட்க 0.1 நொடி வேண்டும் என்று படித்தோமே, அதை விட ரொம்பக் குறைவு. அதனால் காது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறது. சத்தம் குழம்பாமல் தடிமனாகிறது. சிலைகளும் செதுக்கு வேலைகளும் அழகுக்கு மட்டுமில்லை, சத்தத்தைச் சிதறடித்து எல்லாப் பக்கமும் அனுப்புகின்றன. நம் பள்ளி அரங்கில் மைக் பிடித்துப் பேசினால் ஒரு வார்த்தையும் விளங்காமல் 'கொய்ங்' என்று வருவதற்கும் இதே அறிவியல்தான் காரணம், அங்கே எல்லாச் சுவரும் வெறும் மொட்டைச் சுவர்.

இதில் ஆச்சரியம், கட்டிய தியோஃபில் ஹான்சனுக்கு இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. அரங்கின் ஒலியைக் கணக்கிடும் வழியை வாலஸ் சபைன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கண்டுபிடித்து, 1900-ல் திறந்த பாஸ்டன் நகர அரங்குக்குப் பயன்படுத்தினார். ஹான்சன் அதற்கு முப்பது வருஷம் முன்பே, பழைய அரங்குகளைப் பார்த்த அனுபவத்தை வைத்தே கட்டிவிட்டார்.

அன்று வாசித்தது ஷூபர்ட்டின் 'முடிவுறாத சிம்பொனி'. சிம்பொனி என்பது ஒரு முழு இசைக்குழுவுக்காக எழுதிய பெரிய படைப்பு. பெரும்பாலும் நான்கு பகுதிகள் இருக்கும். முதல் பகுதி வேகமாக, அடுத்தது நிதானமாக, மூன்றாவது நடனம் போல, கடைசி மறுபடி வேகமாக. இதில் எல்லாமே எழுதி வைத்தபடிதான் வாசிக்க வேண்டும், கச்சேரி வித்வான் மாதிரி அந்த நேரத்தில் கற்பனை பண்ண முடியாது. ஷூபர்ட் 1822-ல் இதை ஆரம்பித்து இரண்டு பகுதியை முடித்தார். மூன்றாவதைக் கொஞ்சம் எழுதி நிறுத்திவிட்டார். ஏன் என்று சரியாக யாருக்கும் தெரியாது.

ஆரம்பத்தில் செல்லோவும் டபுள் பாஸும் அடித்தொண்டையில் முனகுவது போல ஒரு வரி. அது எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை, தரையிலிருந்து கால் வழியாக ஏறுவது போல இருந்தது. அதற்கு மேல் வயலின்கள் நடுங்கின. ஓபோவும் கிளாரினெட்டும் சேர்ந்து பாடின. பிறகு செல்லோக்கள் ஒரு ராகத்தை எடுத்தன பாருங்கள், தாலாட்டு மாதிரி, எனக்கு ஏனோ ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அது நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே சட்டென்று நிற்கும். ஒரு மூச்சு நேரம் அமைதி. பிறகு இடி விழுந்த மாதிரி குழு முழுவதும் அடிக்கும். என் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி கண்ணை மூடிக்கொண்டே இருந்தார். மேடை தெரியவில்லை என்று நான் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கே வெட்கமாகப் போனது.

முதல் பகுதி முடிந்தது. நான் பட பட பட என்று கை தட்டினேன். இரண்டாயிரம் பேர் உள்ள மண்டபத்தில் என் கை மட்டும்தான்! அந்த மண்டபத்தின் ஒலி எவ்வளவு தெளிவு என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. "டேய், இன்னும் முடியலடா!" என்று அக்கா கையைப் பிடித்தாள். ஆம், பகுதிகளுக்கு நடுவில் தட்டக் கூடாது, கடைசியில்தான். நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் முடிந்தால் தட்டுவோம், நடுவில் 'பலே' என்போம், தொடையில் தாளம் போடுவோம். அங்கே இருமலைக்கூட அடக்கி வைத்து, பகுதி முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து இருமுகிறார்கள்.

பாட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். ஜெர்மனில் ஏதோ சொன்னார். அக்கா மொழிபெயர்த்தாள்: "மொசார்ட்டா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்." வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன், உண்மைதான்! 1778-ல் பாரிஸில் தன் சிம்பொனி நடக்கும்போது ஜனங்கள் நடுவிலேயே கை தட்டினார்கள் என்று மொசார்ட் அப்பாவுக்குப் பெருமையாகக் கடிதம் எழுதியிருக்கிறார். இந்த அமைதி எல்லாம் பின்னால் வந்த பழக்கம். மாலர் வியன்னா ஓபெராவுக்கு இயக்குநராக இருந்தபோது (1897 முதல் 1907 வரை) தாமதமாக வந்தவர்களை உள்ளே விடாமல் நிறுத்தினார். காசு வாங்கிக்கொண்டு கை தட்டும் கூட்டத்தையும் விரட்டினார். எனக்கு அது கொஞ்சம் அதிகம் என்றுதான் படுகிறது, தாமதக்காரர்கள் விஷயத்தில் மட்டும். என் சொந்த அனுபவம்.

தங்க மண்டபத்தின் அழகை மட்டும் எழுதினால் பாதி உண்மைதான் எழுதியதாகும். அங்கே வாசிக்கும் வியன்னா ஃபில்ஹார்மோனிக் குழு உலகப் புகழ் பெற்றது. 1938-ல் ஹிட்லர் ஆட்சி வந்ததும் அந்தக் குழுவிலிருந்து யூதக் கலைஞர்கள் துரத்தப்பட்டார்கள். அவர்களில் ஐந்து பேர் வதைமுகாம்களில் இறந்தார்கள். அர்னால்ட் ரோசே என்பவர் 1881-லிருந்து, ஐம்பத்தேழு வருஷம், முதல் வயலின் நாற்காலியில் இருந்தவர். அவரும் போக வேண்டியதாயிற்று, லண்டனில் அகதியாக வாழ்ந்து 1946-ல் இறந்தார். அவர் மகள் ஆல்மாவும் வயலின் கலைஞர். ஆஷ்விட்ஸ் முகாமில் கைதிப் பெண்களைச் சேர்த்து ஒரு இசைக்குழு நடத்த வைத்தார்கள் அவரை. 1944-ல் அங்கேயே இறந்துபோனார். எல்லோரும் தொலைக்காட்சியில் பார்க்கிற புத்தாண்டுக் கச்சேரி முதன்முதலில் நடந்ததும் அந்த ஆட்சியில்தான், 1939 டிசம்பர் 31-ல். பெண்களை முழு உறுப்பினராக அந்தக் குழு சேர்த்துக்கொண்டது 1997-ல்தான். அதுவரை ஹார்ப் வாசித்த அன்னா லெல்கெஸ் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வாசித்தும் உறுப்பினர் இல்லை. சுவர்கள் சத்தத்தை எல்லோருக்கும் சமமாகத்தான் அனுப்பின, மனிதர்கள்தான் அனுப்பவில்லை.

நம் நாட்டுக்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். மும்பையில் பிறந்த ஜுபின் மேத்தா 1954-ல் படிக்க வியன்னா போனார். பெரிய கண்டக்டர்களின் ஒத்திகையைப் பார்க்க வெளி ஆட்களுக்கு அனுமதி இல்லை. என்ன செய்தார்? நண்பர் கிளாடியோ அப்பாடோவுடன் போய் அங்குள்ள பாடகர் குழுவில் சேர்ந்துவிட்டார். பாடுகிற சாக்கில் ஒத்திகையை எல்லாம் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்! பிற்காலத்தில் அதே மண்டபத்தில் புத்தாண்டுக் கச்சேரியை அவர் ஐந்து முறை நடத்தினார், முதல் முறை 1990-ல்.

மறுநாள் காலை அக்காவிடம், "ஷூபர்ட் வீட்டைப் பாக்கணும்" என்றேன். முந்தின நாள் கேட்காமல் இருந்திருந்தால் அது எனக்கு இன்னொரு பழைய வீடு, அவ்வளவுதான். நுஸ்டார்ஃபர் தெரு, 54-ஆம் எண். நம் ஊர் லைன் வீடு மாதிரி, நடு முற்றத்தைச் சுற்றிப் பதினாறு குடித்தனம் இருந்த வீடு. அதில் ஒரு அறையும் ஒரு சமையலறையும்தான் அவர்கள் குடும்பத்துக்கு. 1797 ஜனவரி 31-ல் அங்கே பிறந்தார். பதினான்கு குழந்தைகளில் பிழைத்தவர்கள் ஐந்தே பேர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஷூபர்ட்டும் அப்பாவின் பள்ளியில் கொஞ்ச காலம் வாத்தியாராக இருந்தார். ஆசிரியர்கள் மன்னிக்கவும், அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே இல்லை.

1814-ல், பதினேழு வயதில், ஒரு ஓபெராவுக்கு டிக்கெட் வாங்கக் காசில்லாமல் தன் பள்ளிப் புத்தகங்களை விற்றுவிட்டார் என்று ஒரு கதை சொல்கிறார்கள். அந்த ஓபெராதான் 'ஃபிடேலியோ'! (யாரும் இதைப் பின்பற்ற வேண்டாம். நம் இலவசப் பாடப்புத்தகத்தை யாரும் வாங்கவும் மாட்டார்கள்.) 1827-ல் பீத்தோவன் இறந்தபோது ஊர்வலத்தில் தீப்பந்தம் ஏந்திப் போனார். அடுத்த வருஷம் நவம்பரில் அவரே இறந்தார். வயது 31. தன் படைப்புகளை மட்டும் வைத்து ஒரே ஒரு கச்சேரிதான் அவரால் நடத்த முடிந்தது. முடிவுறாத சிம்பொனியை அவர் காதால் கேட்கவே இல்லை. அதன் கையெழுத்துப் பிரதி ஒரு நண்பர் வீட்டில் பல வருஷம் கிடந்தது. 1865 டிசம்பரில்தான் வியன்னாவில் முதன்முதலாக வாசித்தார்கள். இறந்து முப்பத்தேழு வருஷம் கழித்து.

மத்தியானம் 71-ஆம் எண் டிராமில் ஏறி மத்திய கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். வியன்னாவில் யாராவது இறந்தால் 'அவர் 71 பிடிச்சுப் போயிட்டார்' என்பார்களாம். 1874-ல் திறந்த இடம். ஊரில் இப்போது உயிரோடு இருப்பவர்களை விட அங்கே புதைக்கப்பட்டவர்கள் அதிகம். இரண்டாம் வாசல் வழியாகப் போனால் இசைக்காரர்கள் பகுதி. நடுவில் மொசார்ட்டுக்கு ஒரு நினைவுச் சின்னம் மட்டும். அவரைப் புதைத்தது வேறு கல்லறைத் தோட்டத்தில், சரியான இடம் இன்றும் தெரியாது. பின்னால் பீத்தோவன், அவருக்குப் பக்கத்தில் ஷூபர்ட். அவர் ஆசைப்பட்டபடி முதலில் பக்கத்தில் புதைத்தார்கள், 1888-ல் இரண்டு பேரையும் இங்கே கொண்டுவந்தபோதும் பிரிக்கவில்லை. கொஞ்சம் தள்ளி பிராம்ஸ், ஸ்ட்ராஸ். யாரோ ஒரு சிறு பூச்செண்டு வைத்திருந்தார்கள். அக்கா மெதுவாக அந்தச் செல்லோ ராகத்தை முணுமுணுத்தாள். நட்ட நடுவில் சட்டென்று நிறுத்தினாள், சிம்பொனியில் நிற்கிற அதே இடத்தில்.

போக நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு யோசனை: நல்ல மெத்தென்ற செருப்போ ஷூவோ போட்டுப் போங்கள். போக முடியாதவர்களுக்கு: இந்தச் சிம்பொனியின் குறுந்தகடு ஒன்றை வாங்கி வந்து இசை ஆசிரியையிடம் கொடுத்திருக்கிறேன். வரும் வியாழக்கிழமை மதிய இடைவேளையில் இசை அறையில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மொத்தம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதல் பகுதி முடிந்ததும் கை தட்ட நினைப்பவர்கள் என் பக்கத்தில் வந்து நிற்கலாம்.